ஓவியங்கள் மாட்டிய கூடத்துக்கு ஒலி அமைப்பது எப்படி?

போன பங்குனியில் ஒரு நாள், பிற்பகல் நான்கு மணி இருக்கும். எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. மின்விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, பக்கத்துக் குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரும் நின்றது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை, எதிர்ச் சுவரில் பதினோரு ஆண்டுகளாகத் தொங்கும் தஞ்சாவூர் ஓவியத்தை, அந்த வெண்ணெய்க் கண்ணனை, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அந்தப் பெண் கையில் வைத்திருப்பது விசிறி என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்! சாமரம் அப்பா அது."

படம் அதேதான். ஜன்னல் வெளிச்சமும் தினமும் வருகிற வெளிச்சம்தான். காதில் விழுந்துகொண்டிருந்த இரைச்சல் விலகியதும் கண்ணுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் கூடத்தின் ஒலியை நான் கவனித்துச் சரிசெய்து வருகிறேன். வீட்டில் நாலைந்து படங்கள், ஒரு சுவாமிமலை வெண்கலம், ஒரு சுடுமண் குதிரை என்று ஆசையாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள், அந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும், என்ன கேட்கக் கூடாது என்று முதன்முறையாக யோசிக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காக.

தொடங்கும் முன் ஒரு சொல். பெரும்பாலானவர்கள் முதலில் ஸ்பீக்கர் வாங்குகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. இருக்கிற இரைச்சலைக் குறைப்பது முதல் வேலை, அறையின் எதிரொலியைத் தணிப்பது இரண்டாவது, அதன் பிறகுதான் இசை. இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரும் இரைச்சலோடு போட்டி போடத்தான் பயன்படும்.

உட்கார்ந்து கேளுங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, படங்களை வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை, இரவு பத்து மணிக்கு ஒரு முறை. காதில் விழும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். எங்கிருந்து வருகிறது, விடாமல் கேட்கிறதா, விட்டுவிட்டுக் கேட்கிறதா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

எங்கள் கூடத்தில் நாலு சத்தம் இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். பதினேழு எழுதினேன். மின்விசிறியின் உறுமல், அதன் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் போடும் 'டிக்', ஃபிரிட்ஜ், அதன் மேல் வைத்திருந்த எவர்சில்வர் தட்டின் கிணுகிணுப்பு, குழல்விளக்கின் சோக், குளியலறைக் குழாயின் சொட்டு, மேல் மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம், இன்வெர்ட்டரின் ரீங்காரம்... இவை எல்லாமே நாள் முழுதும் அந்தப் படத்துக்கும் எனக்கும் நடுவில் நின்றிருக்கின்றன.

எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள்: நிறுத்தக்கூடியவை, குறைக்கக்கூடியவை, கூடவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடக்கூடியவை. மூன்றாவதை அலட்சியம் செய்யாதீர்கள். கீரைக்காரம்மாவின் குரலும் மாலையில் கோயில் மணியும் எங்கள் பட்டியலில் அங்கேதான் இருக்கின்றன. அவை வந்து போகிற ஒலிகள். பொழுது எவ்வளவு ஆயிற்று என்று சொல்லிவிட்டுப் போகின்றன. கண்ணைக் களைப்படையச் செய்பவை ஓயாமல் ஓடும் உறுமல்கள்தான்.

கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலிகள் உண்டு. அவை சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அதே கைப்பேசியை அதே இடத்தில் வைத்து, நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். ஓர் அளவுகோல் வேண்டுமானால், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அது தெருவுக்கு. கூடத்துக்குள் அதைவிட நன்றாகக் குறைய வேண்டும்.

நிறுத்தக்கூடியதை நிறுத்துங்கள்

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஃபிரிட்ஜின் நான்கு காலும் தரையில் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் முன்னால் இழுத்து, காலுக்கடியில் ரப்பர் துண்டு வையுங்கள். மேலே இருக்கும் தட்டு, டப்பாக்களை எடுத்துவிடுங்கள். நாற்காலிக் கால்களுக்குத் தடித்த துணியோ ஃபெல்ட்டோ ஒட்டுங்கள். சோக் உள்ள குழல்விளக்கு இருந்தால் எல்.இ.டி.க்கு மாறுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தச் சோக் 100 ஹெர்ட்ஸில் ஓயாமல் முனகுகிறது. தம்புரா போட்டுக் கேட்கும்போது அந்த முனகல் சுருதி சேராத இன்னொரு தந்தியாகத் தொந்தரவு செய்யும்.

மின்விசிறியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ஆண்டில் பத்து மாதம் அது ஓடித்தான் ஆக வேண்டும். வேகத்தைக் குறைத்தால் சத்தம் குறையும் என்று நினைப்போம். சில வீடுகளில் குறைக்கக் குறைக்க உறுமல் கூடுகிறது. குமிழைத் திருகும் பழைய வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி அனுப்புவதால் மோட்டார் அப்படி உறுமுகிறது. எலக்ட்ரீஷியனிடம் 'கன்டென்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர்' என்று கேட்டு மாற்றினால் அந்த உறுமல் பெரும்பாலும் போய்விடும். இறக்கைத் திருகுகளை இறுக்குவதும், கொக்கியில் தேய்ந்துபோன ரப்பரை மாற்றுவதும் 'டிக்' சத்தத்துக்கு மருந்து.

தெருச் சத்தத்துக்குக் கனமான திரை போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். திரை அறைக்குள் எழும் ஒலியைத்தான் உறிஞ்சும். வெளியிலிருந்து வரும் ஒலியை அது தடுப்பது மிகக் குறைவு. தண்ணீரைப் போலவே ஒலியும் இடுக்கு வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ரப்பர் பட்டை ஒட்டிப் பாருங்கள், பஸ் ஹாரன் பாதியாகும்.

கையைத் தட்டுங்கள்

இப்போது கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகு என்ன கேட்கிறது? 'டப்' என்று முடிந்துவிட்டால் நல்லது. 'டப்ப்ஙங்...' என்று ஓர் உலோக வால் நீண்டால் அறை கடினமாக இருக்கிறது என்று பொருள். கலைப்பொருள் சேர்க்கிறவர்களின் வீட்டில் இது பெரும்பாலும் இருக்கும். படம் எடுப்பாகத் தெரியட்டும் என்று சாமான்களைக் குறைக்கிறோம், சுவரை வெறுமையாக விடுகிறோம், கண்ணாடி போட்டுச் சட்டமிடுகிறோம், கீழே ஆத்தங்குடிக் கல் பதிக்கிறோம். கண்ணுக்கு அழகான இவை அனைத்தும் ஒலியை அப்படியே திருப்பி எறிகின்றன.

அறையின் ஒலியை அளக்கும் அறிவியலே ஒரு கலை அருங்காட்சியகத்தில்தான் பிறந்தது. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேசியது யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்து விநாடிக்கும் மேலாகக் காற்றில் நின்று, அடுத்த சொற்களை விழுங்கியது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் இரவுகளில், ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து அரங்கமான சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அந்தக் கூடத்தில் வைப்பார். ஆர்கன் குழலை ஊதவிட்டு நிறுத்துவார். ஒலி எப்போது முற்றிலும் அடங்குகிறது என்று காதால் கேட்டு, கடிகாரத்தில் குறிப்பார். மெத்தை கூடக் கூட ஒலியின் வால் குறுகியது. அந்த இரவுகளில் கிடைத்த கணக்கைத்தான் இன்றும் உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் கணக்கு எளியது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161 ஆல் பெருக்குங்கள். அறையில் உள்ள பரப்புகள் மொத்தமாக எவ்வளவு ஒலியை உறிஞ்சுகின்றன என்ற எண்ணால் (ஒவ்வொரு பரப்பின் சதுர மீட்டரையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது) அதை வகுங்கள். கிடைப்பது எதிர்முழக்க நேரம், அதாவது ஓர் ஒலி 60 டெசிபல் தேய்ந்து அடங்க எடுத்துக்கொள்ளும் விநாடிகள்.

நாலு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 60. தரை, கூரை, நான்கு சுவர் எல்லாம் சேர்த்து 94 சதுர மீட்டர். பூசிய சுவரும் கல் தரையும் தம் மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று வைத்தால் மொத்த உறிஞ்சல் 2.8. வெறும் கூடத்தின் எதிர்முழக்கம் ஏறக்குறைய 3.4 விநாடி! அதில் பேசினாலே தலை வலிக்கும். இப்போது நன்றாக மடிப்பு விழும் தடித்த திரை ஆறு சதுர மீட்டர் சேருங்கள், அது பாதியை உறிஞ்சினால் 3. பஞ்சு மெத்தை போட்ட சோபா, சுமார் 3. ஆறு சதுர மீட்டர் தடித்த விரிப்பு, சுமார் 1.8. மொத்தம் 10.6 ஆகிறது, நேரம் 0.9 விநாடிக்கு இறங்கிவிடுகிறது. அரை விநாடியிலிருந்து முக்கால் விநாடிக்குள் கொண்டுவந்துவிட்டால் வீட்டுக் கூடத்துக்கு அது போதும். பேச்சும் தெளிவாக இருக்கும், வீணையும் உயிரோடு இருக்கும். அதற்கும் கீழே போனால் அறை செத்துவிடும், ஒலி துணிக்கடைக்குள் கேட்பதுபோல் அமுங்கிவிடும்.

மீதியை எதை வைத்துக் குறைப்பது? இங்கேதான் கலையே கை கொடுக்கிறது. துணியில் செய்த கலைக்கு ஒரு சுவரை ஒதுக்குங்கள். காளஹஸ்திக் கலம்காரித் துணி ஒன்றை, பின்னால் பருத்திப் பஞ்சு வைத்துத் தைத்த இன்னொரு துணியோடு சேர்த்துத் தொங்கவிட்டால் நாலு சதுர மீட்டரில் நல்ல பலன் தெரியும். ஆனால் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். ஒலி அலை சுவரில் மோதும் இடத்தில் காற்று அசைவதில்லை. அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் அதிகம் அசைகிறது. அசையும் காற்றைத்தான் துணி பிடிக்க முடியும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு எட்டரை. ஆகவே ஒரு மரக்கோலைச் சுவரிலிருந்து சுமார் எட்டரை சென்டிமீட்டர் தள்ளிப் பொருத்தி, அதில் தொங்கவிடுங்கள். துணியும் சுவரின் ஈரத்திலிருந்து தப்பிக்கும்.

பவானி ஜமக்காளமும் பத்தமடைப் பாயும் மெல்லியவை. தரையில் விரித்தால் காலடிச் சத்தத்தைக் குறைக்கும், எதிரொலியை அதிகம் குறைக்காது. ஜமக்காளத்துக்கு அடியில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டால் வித்தியாசம் உண்டு. உயரம் ஒழுங்கின்றி அடுக்கிய புத்தக அலமாரி ஒலியைச் சிதறடிக்கும், அதை ஸ்பீக்கருக்கு எதிர்ப்புறம் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எதிரொலி குறையட்டும் என்று ஓவியச் சட்டத்தின் பின்னால் நுரைப்பஞ்சோ தெர்மகோலோ திணிக்காதீர்கள். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் அங்கே பூஞ்சை பிடிக்கும், பூச்சி குடியேறும். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒவ்வொரு தக்கைத் துண்டு ஒட்டுங்கள். பின்னால் காற்று போகும், சட்டம் சுவரில் மோதி அதிரவும் செய்யாது.

எந்தப் படத்துக்கு என்ன ஒலி?

ஓவியத்தையும் ஒலியையும் சேர்ப்பது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. ராகமாலா ஓவியங்கள் என்று ஒரு மரபே உண்டு. ராஜஸ்தானத்திலும் தக்காணத்திலும் இமயமலை அடிவார அரசுகளிலும் சில நூற்றாண்டுகள், ஒவ்வொரு ராகத்துக்கும் ஒரு நாயகன், ஒரு நாயகி, ஒரு பருவம், ஒரு பொழுது என்று வகுத்து ஓவியர்கள் தீட்டியிருக்கிறார்கள். மழை மேகத்தின் கீழ் ஊஞ்சலாடுகிறவர்களைப் பார்த்தால் அது எந்த ராகம் என்று அறிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கண்ணன் படத்துக்குப் புல்லாங்குழல், நடராஜருக்கு உடுக்கை, யானைக்குப் பிளிறல் என்று நான் தொடங்கினேன். பத்து நாளில் கைவிட்டேன். படம் சொன்னதையே ஒலியும் சொன்னால் பார்ப்பவருக்குக் கண்டுபிடிக்க ஒன்றுமே மிச்சமில்லை. படத்தின் கதையை விட்டுவிட்டு அதன் நடையைப் பிடியுங்கள். இந்தப் படம் வேகமா, நிதானமா? அடர்த்தியா, வெளியா? கண் ஓரிடத்தில் நிலைக்கிறதா, ஓடிக்கொண்டே இருக்கிறதா? ஒலியும் அதே நடையில் இருந்தால் போதும்.

தஞ்சாவூர் ஓவியம் அடர்த்தியானது, ஆனால் அசையாதது. பொற்தகடும் கல்லும் சுக்கான் (பசை கலந்த சுண்ணாம்புப் பொடி) வேலைப்பாடும் ஒவ்வோர் அங்குலத்திலும் இருக்கின்றன, நடுவிலிருக்கும் தெய்வம் மட்டும் நிலையாக நம்மைப் பார்க்கிறது. அதற்குத் தம்புராவைப் போல எதுவும் பொருந்துவதில்லை. பஞ்சமம், ஸட்ஜம், ஸட்ஜம், கீழ் ஸட்ஜம் என்று நான்கே தந்திதான். ஆனாலும் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூல் சரியாக அமைந்த தம்புராவில் கேட்கக் கேட்க உள்ளிருந்து புதுப்புது ஸ்வரங்கள் எழுந்துகொண்டே இருக்கும். நிலையாக நிற்கும் ஒன்றுக்குள் அவ்வளவு அடர்த்தி. தம்புரா செயலியில் கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தை, உங்கள் குரலுக்கு ஏற்ப வையுங்கள். வீட்டார் யாராவது தம்மையறியாமல் கூடச் சேர்ந்து முணுமுணுக்கத் தொடங்கினால் சுருதி சரியாக அமைந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

வெண்கலத்துக்கு அருகில் எதையும் ஒலிக்கவிடாதீர்கள் என்பதே என் கருத்து. அதைச் சுற்றி மூன்றடி அமைதி இருக்கட்டும். கோடுகளால் ஆன நவீன ஓவியங்களுக்குத் தனித் தனியாக வந்து விழும் ஒலி பொருந்துகிறது: இடைவெளி விட்டு மீட்டும் வீணை ஆலாபனை, அல்லது வெறும் மழை. சுடுமண் குதிரையை நான் பால்கனிக் கதவருகே நகர்த்திவிட்டேன். அது வெயிலிலும் மழையிலும் ஊர் எல்லையில் நிற்கப் பிறந்த வடிவம். அணில் சத்தமும் தெருச் சத்தமும்தான் அதற்கு உரியவை, அந்தக் கதவைத் திறந்து வைப்பதே அதற்கான ஒலி அமைப்பு.

பாடல் வரிகளை மட்டும் தவிருங்கள். சொல் காதில் விழுந்தால் மனம் அதைப் படிக்கத் தொடங்கிவிடும், கண் படத்தில் இருந்தாலும் பார்ப்பது நின்றுபோகும். தெரிந்த கீர்த்தனையை வீணையில் வாசித்தால்கூட எங்கள் அத்தை உள்ளுக்குள் சாகித்தியத்தைப் பாடத் தொடங்கிவிடுவார். அதனால் படம் பார்க்கும் நேரத்துக்குப் பாட்டு வரி இல்லாத ராக ஆலாபனையோ தானமோ நல்லது. விருந்தாளி வந்து எல்லோரும் சாப்பிடும் நேரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டாம்.

1920 மார்ச்சில் பாரிஸ் நகரத்து ஓவியக்கூடம் ஒன்றில் எரிக் சாட்டி என்ற இசையமைப்பாளர் 'வீட்டுச் சாமான் இசை' என்ற ஒன்றை முயன்றார். நாற்காலி மேசை போல அது அறையில் இருக்க வேண்டும், யாரும் உட்கார்ந்து கேட்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். இசைக்கலைஞர்களை அறையின் வெவ்வேறு மூலைகளில் நிறுத்தினார். வாசிப்புத் தொடங்கியதும் மக்கள் பேச்சை நிறுத்திவிட்டு இருக்கைகளுக்குத் திரும்பி, கேட்க உட்கார்ந்துவிட்டார்கள். பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று அவர் வேண்டிக்கொண்டும் பயனில்லை. மனிதர் வாசிக்கும் இசை எப்போதும் கவனத்தைக் கேட்கும் என்பதை எங்கள் கூடத்தில் நானும் பார்க்கிறேன். படம் முதன்மை என்றால், இசையைவிடத் தம்புராவும் மழையும் போன்ற ஒலிகளே நல்ல துணை.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன், நீங்கள் செய்ய வேண்டாம். ஒலி படத்திலிருந்தே வருவதுபோல் இருக்கட்டும் என்று கண்ணன் படத்துக்கு நேர் கீழே, அதே சுவரில் பொருத்திய பலகையில் ஸ்பீக்கரை வைத்தேன். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்று போட்டபோது தொப்பி என்ற அதன் இடப்பக்கம் முழங்கும் ஒவ்வொரு முறையும் சட்டத்துக் கண்ணாடி 'கிர்ர்' என்று அதிர்ந்தது. அதை ஒரு மாதம் பொருட்படுத்தாமல் விட்டேன். ஒரு நாள் துடைக்கப் போனபோது, கண்ணாடிக்கு உள்ளே சட்டத்தின் கீழ் விளிம்பில் மாவு போல வெள்ளைப் பொடி. சுக்கான் பூச்சு ஓரிடத்தில் விட்டிருந்தது. அதைச் சரிசெய்த ஓவியர், பழைய பசைப் பூச்சுள்ள படங்களுக்கு அதிர்வே ஆகாது என்றார். அந்த வெள்ளைப் பொடியை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே முதல் விதி: படம் தொங்கும் சுவரில் ஸ்பீக்கரைப் பொருத்தக் கூடாது, அந்தச் சுவரைத் தொடும் அலமாரியிலும் வைக்கக் கூடாது. தனித்து நிற்கும் முக்காலி ஒன்றில், அடியில் ரப்பர் வைத்து, சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். மூலையில் வைத்தால் கீழ் ஸ்தாயி ஒலி மிதமிஞ்சிப் பெருகும். வைத்த பிறகு, கீழ் ஸ்தாயி ஒலி உள்ள ஒரு வாசிப்பைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சட்டத்தின் விளிம்பிலும் விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். விரலில் துடிப்புத் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது ஒலியைக் குறையுங்கள்.

ஒலி எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தலை தானாகத் திரும்பும். படம் வலப்புறமும் ஸ்பீக்கர் இடப்புறமும் இருந்தால் பார்ப்பவர் அமைதியிழப்பார், காரணம் அவருக்கே தெரியாது. இதற்குச் சிறிய ஸ்பீக்கர் இரண்டு இருந்தால் அழகான வழி உண்டு. படத்தின் இரு பக்கமும் சம தூரத்தில் முக்காலிகளில் வைத்து, நாற்காலியோடு சேர்த்து மூன்றும் சமபக்க முக்கோணமாக அமையும்படி பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவில் ஒலி வரும்போது அது நடுவிலிருந்து, படம் இருக்கும் இடத்திலிருந்தே வருவதாகக் காது நம்பிவிடும். சுவரும் படமும் அதிர்வது வெகுவாகக் குறையும். பெரிய ஒற்றை ஸ்பீக்கருக்குச் செலவழிக்கும் பணத்தில் சிறிய இரண்டு வாங்குவது இதற்காகத்தான்.

தம்புராவை ஒலிக்கவிட்டு அறை முழுதும் ஒரு முறை நடந்து பாருங்கள். சில இடங்களில் கீழ் ஸட்ஜம் வீங்கி ஒலிக்கும், ஓரடி நகர்ந்தால் மெலிந்துவிடும். சுவர்களுக்கு நடுவில் ஒலி அலை நிலைகொண்டு நிற்பதால் இப்படி ஆகிறது. வீங்கும் இடத்தில் நாற்காலி போடாதீர்கள்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி ஆறு டெசிபல் குறையும், அறைக்குள் சற்றுக் குறைவாக. அதனால் தூரத்தில் வைத்து உரக்க ஒலிக்கவிடுவதைவிடக் கிட்டத்தில் வைத்து மெல்ல ஒலிக்கவிடுவது நல்லது, பக்கத்து வீட்டுக்கும் நல்லது. அளவுக்கு எளிய சோதனை உண்டு. இருவர் சாதாரணக் குரலில் பேசிக்கொள்ளட்டும். அவர்களில் ஒருவர் குரலை உயர்த்தினாலோ முன்னால் குனிந்தாலோ ஒலி அதிகம். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது காதுக்கு எட்டி, பேசத் தொடங்கியதும் மறைந்துவிட வேண்டும்.

நேரம்தான் இன்னும் முக்கியம். நாள் முழுதும் ஓடும் தம்புரா இன்னொரு ஃபிரிட்ஜ். இருபது நிமிடத்துக்கு டைமர் வையுங்கள். சட்டென்று அறுந்து நிற்காமல், கடைசி ஒரு நிமிடம் தேய்ந்து அடங்கும்படி செய்யுங்கள். அது அடங்கியபின் வரும் ஐந்து நிமிட அமைதியில்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் படத்தை அதிகம் பார்க்கிறார்கள். மூன்று நிமிட மழைச் சத்தத்தைச் சுற்றிச் சுற்றிப் போடுவதும் ஆகாது. நாலாவது சுற்றில் அந்த ஒரே இடியைக் காது அடையாளம் கண்டுகொள்ளும், பிறகு அதற்காகவே காத்திருக்கும். குறைந்தது அரை மணி நேரப் பதிவாகத் தேடுங்கள். மொட்டை மாடியில் நீங்களே பதிவு செய்தால் இன்னும் நல்லது.

ஸ்பீக்கரே வேண்டாம் என்பவர்கள் ஒரு நல்ல வெண்கலச் சேகண்டி வாங்குங்கள். மாலை விளக்கேற்றிய பிறகு ஒரே ஒரு தட்டு. ஒலி தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும்வரை யாரும் பேசாமல் கேட்பது. அது முடியும்போது கூடமே வேறாக இருக்கும். மின்விசிறிக் காற்றில் நாள் முழுதும் கிணுகிணுக்கும் அலுமினியக் காற்றுமணியை மட்டும் கழற்றிவிடுங்கள். சின்ன நீரூற்றுகள் தெரு இரைச்சலை நன்றாக மறைக்கும், ஆனால் அந்த ஈரம் படங்களுக்குப் பகை. பால்கனியோடு நிற்கட்டும்.

வீட்டில் செவித்துணைக் கருவி அணியும் பெரியவர் இருந்தால் மேலே சொன்ன எதிரொலி வேலையை முதலில் முடியுங்கள், பின்னணி ஒலியை அவர் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். பின்னணி ஒலியையும் பேச்சையும் பிரித்துக் கேட்பது அவருக்குப் பெரும் சிரமம். தம்புரா ஒலிக்கும் நேரத்தில் பேரன் என்ன கேட்டான் என்றே தெரியவில்லை என்று அத்தை சொன்ன பிறகுதான் இது எனக்கு உறைத்தது. இப்போது அவர் உட்காரும் நான்கு மணிக்கு ஒன்றும் ஒலிப்பதில்லை, ஐந்தரைக்கு மேல்தான் தம்புரா.

தொடங்க நல்ல மாதம் மார்கழி. மின்விசிறியை நிறுத்தலாம், ஜன்னலைச் சாத்தினாலும் புழுங்காது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, விளக்கைப் போடாமல், முதல் நாள் பட்டியலை எழுத உட்காருங்கள்.